மொண்டெல்லோவுக்குப் போன இம்பாலா

எந்தக் கதையையும் பாதியில் நிற்க விடமாட்டார் அந்த அக்கா. யாராவது ஏதாவது சொல்லி முடித்து வாயை மூடினால், தலையைச் சற்றுச் சாய்த்து, "பிறகு?" என்பார்.

பலெர்மோவில் வியா மக்வேதாவுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடியில், நாங்கள் குடியிருந்த காலம் அது. நானும் கணவரும் மகளும் முன்னறையில். அக்கா குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறையில். எங்களுக்கு அவர் உறவில்லை. ஊரில் அவர் தீவுப்பகுதி, நாங்கள் சாவகச்சேரிப் பக்கம். அறைக்கு ஆள் தேடுகிறோம் என்று தேவாலயத்தில் யாரோ சொல்லி, ஒரு பையோடு வந்து சேர்ந்தவர்.

ஒருநாள் என் கணவர் வேலையால் வந்து, "பஸ் இடையிலை நிண்டிட்டுது, நடந்து வாறன்" என்றார்.

"பிறகு?"

"பிறகென்ன அக்கா. வீட்டை வந்திட்டன்."

"நடந்து வரேக்கை?"

சோற்றில் கைவைத்தபடி அவர் யோசித்தார். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கிழவி கயிற்றில் கூடை இறக்கி மரக்கறி வாங்கியது நினைவுக்கு வந்தது. கூடைக்குள் அவளுடைய பூனையும் இறங்கி வந்துவிட்டதாம். மரக்கறிக்காரன் பூனையைத் தூக்கித் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டு, கத்தரிக்காயோடு மேலே அனுப்பினானாம். சொல்லச் சொல்ல அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்கா கேட்டிராவிட்டால் அந்தப் பூனை அந்தத் தெருவிலேயே தொலைந்துபோயிருக்கும்.

இத்தாலியர்கள் "எ போய்?" என்றால் அதற்கும் "பிறகு?" என்றுதான் பொருள். அக்காவின் இத்தாலியன் நெடுங்காலம் அந்த இரண்டு சொல்லில்தான் ஓடியது. "அக்கா எல்லாரையும் போய் போய் எண்டு கலைக்கிறா, ஆனா ஒருத்தரும் போகினமில்லை" என்பார் என் கணவர். உண்மைதான். மீன் விற்கிறவனும் கீழ்வீட்டுத் தையற்காரியும் அவரைக் கண்டால் நின்று கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஒருமுறை பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதற்காக இருவரும் விடியவே போய்க் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் வரிசையில் நின்றோம். அவருக்குப் பின்னால் ஓர் ஆபிரிக்கப் பெண். தன் தமக்கையின் கலியாணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். எங்கள் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பொறு பிள்ளை, மாப்பிள்ளை இன்னும் வந்து சேரேல்லை" என்றார்.

முறை போய்விட்டது. அடுத்த கிழமை மறுபடியும் போய் நின்றோம். முதல்நாள் திரும்பும் வழியில் அவர் முகத்தில் கவலையே இல்லை. மாப்பிள்ளை வந்து சேர்ந்துவிட்டானாம்.

தன் கதையை மட்டும் சொல்லமாட்டார். கேட்டால், "என்ரையோ? அது அவ்வளவுதான்" என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவார். அதில் கோபம் இருக்காது. மழைக்கு யன்னல் சாத்துவதுபோல் சாத்துவார்.

அவர் வேலை செய்தது கால்சாவில், கடலுக்குக் கிட்ட இருந்த ஒரு பழைய பெரிய வீட்டில். அங்கே ஒரு கிழவர் தனியாக இருந்தார். தெருவே அவரை நொன்னோ, அதாவது தாத்தா, என்றுதான் கூப்பிட்டது. இளமையில் கப்பலேறி அமெரிக்கா போய், கார்த் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். காரின் தரையில் விரிப்புப் பதிப்பது அவர் வேலை. தேவாலயத்தில் நிற்பதுபோல் நாள் முழுக்கக் கார்களுக்குள் முழங்காலில் நின்றேன் என்பாராம். திரும்பும்போது அவர் கொண்டுவந்தது ஒரு கார். அறுபதாம் ஆண்டு இம்பாலா. வெளிர் நீலம், வெள்ளைக் கூரை. கால்சாவின் ஒழுங்கைகளுக்குள் அது திரும்பாது. கொஞ்சக் காலம் கடற்கரைத் தெருவில் ஓடியதாம். பிறகு முற்றத்துக்குப் பக்கத்தில் முன்பு குதிரைவண்டிகள் நின்ற கொட்டகைக்குள் போய், அங்கேயே தங்கிவிட்டது.

ஒவ்வொரு பிற்பகலும் நொன்னோ சட்டை மாற்றித் தொப்பி போட்டுக்கொண்டு அந்தக் காருக்குள் போய் இருப்பார். பக்கத்து இருக்கையில் அக்கா இருக்கவேண்டும். அவர் இம்பாலாவின் கதையைச் சொல்வார். அக்கா மாலையில் அதை எங்கள் குசினிக்குள் கொண்டுவருவார்.

"ஐம்பத்தெட்டிலை பிறந்தது" என்று வெங்காயம் உரித்தபடி தொடங்குவார். "அப்ப அதுக்குத் தனி வீடு இல்லை. பெல் எயார் எண்ட காருக்குப் பெரிய உடுப்புப் போட்டு இம்பாலா எண்டு பேர் வைச்சவங்கள். அது ஆபிரிக்காவிலை பாயிற ஒரு மான். காரிலையும் அந்த மான் பாயுது."

இப்போது "பிறகு?" என்று கேட்பது என் கணவரின் முறை.

"ஐம்பத்தொம்பதிலை தனிக்குடித்தனம். பின்னுக்குச் செட்டை முளைச்சிட்டுது. பருந்து படுத்திருக்கிற மாதிரி. விளக்கு ரெண்டும் பூனைக்கண். ஆக்கள் பயந்திட்டினமாம். அறுபதிலை செட்டையைக் கொஞ்சம் மடக்கி, ஒரு பக்கத்துக்கு மூண்டு வட்ட விளக்கு வைச்சாங்கள். மூண்டு எண்டால் இம்பாலா. ரெண்டு எண்டால் வேறை சாதி."

"எங்கடை ஊரிலை ஏ போட்டி எண்ட பழைய கார் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயிலை ஓடுது. அதுக்கு ஒரு விளக்கு இருந்தாலே பெரிய காரியம்" என்பார் என் கணவர்.

அறுபத்தொன்றில் செட்டை போய் உடம்பு ஒடுங்கியது. அறுபத்தைந்தில் தோளெல்லாம் வளைந்து அழகின் உச்சிக்கு வந்தது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு அதுதான் நின்றதாம். அதற்குப் பிறகு ஊதியது, பாரமானது, பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது வெட்டிச் சுருக்கினார்கள். எண்பத்தைந்தில் நிறுத்தினார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சொல்வதுபோல் அக்கா இதைச் சொல்வார். காரோட்டத் தெரியாதவர். தெருவில் போகும் காரின் பெயர் ஒன்றும் அறியாதவர்.

ஒரு வியாழக்கிழமை, வீட்டுவேலைக்காரருக்குப் பாதிநாள் ஓய்வு கிடைக்கும் நாளில், நானும் அவரோடு போனேன். அவருக்கு ஓய்வென்று ஒன்றில்லை. அந்த நேரம் காருக்குரியது. நொன்னோ தொப்பியைக் கழற்றி எனக்குப் பின்கதவைத் திறந்துவிட்டார். உள்ளே இருக்கை கட்டில்போல அகலமாக இருந்தது. பழைய துணியின் மணமும் கடலின் ஈரமும் கலந்து வந்தன. கொட்டகைக் கதவின் இடுக்குகளால் வெயில் நூல்நூலாக விழுந்து, தூசி அதில் மிதந்துகொண்டிருந்தது. சில்லுகள் காற்றிறங்கித் தரையோடு ஒட்டியிருந்தன.

நொன்னோ ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். அக்கா இடையிடையே "எ போய்?" என்றார். வேறு சத்தமில்லை. எனக்குக் கண் சொருகியது. ஏதோ அசைவதுபோல் இருந்தது. நாங்கள் போய்க்கொண்டுதான் இருந்தோம் என்று இன்றும் என்னால் நினைக்க முடிகிறது.

"இடது பக்கம் ஏரி" என்றார் நொன்னோ, அமெரிக்காவில் ஓட்டிக்கொண்டிருப்பவர்போல்.

நான் இடது பக்கம் திரும்பினேன். உப்புப் பூத்த சுவரும் ஓர் உடைந்த சைக்கிளும் இருந்தன. ஆனால் அக்கா கையை யன்னலால் வெளியே நீட்டி, காற்றைப் பிடிப்பதுபோல் விரல்களை விரித்துவைத்திருந்தார்.

அந்த ஆண்டின் முடிவில் நொன்னோவுக்கு மறதி தொடங்கியது. அது கடைசியிலிருந்து வந்தது. முதலில் எண்பதுகள் போயின. பிறகு எழுபதுகள்.

"நொன்னோ இண்டைக்கு அறுபத்தஞ்சிலை நிண்டிட்டார்" என்றார் அக்கா ஒருநாள்.

"பெற்றோல் முடிஞ்சிருக்கும்" என்றார் என் கணவர்.

அக்கா சிரிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து மிச்சத்தை அவர் சொல்லத் தொடங்கினார், தன்னுடைய உடைந்த இத்தாலியனில். நொன்னோ புதுச் செய்திபோல் கேட்பாராம். எண்பத்தைந்தில் இம்பாலாவை நிறுத்திவிட்டார்கள் என்றதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, "பாவம். யாரும் எனக்குச் சொல்லவில்லையே" என்று கண் கலங்குவாராம். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். பிறகு அக்கா எண்பத்தைந்துக்கு முதலே இறங்கப் பழகிக்கொண்டார்.

தொண்ணூற்று நாலில் அமெரிக்காவிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு கார்ச் சஞ்சிகையை விட்டுப்போனான். அதில் புது இம்பாலா இருந்தது. நின்றுபோனதைத் திரும்பச் செய்கிறார்களாம். அக்கா அன்று மாடிப்படியை ஓடியேறி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"முடிஞ்சுபோச்சுதெண்டு நினைச்சம். முடியேல்லை பிள்ளை. திரும்பி வந்திருக்குது."

மறுநாள் படத்தை நொன்னோவுக்குக் காட்டினார். கறுப்பு நிறம், நாலு கதவு, செட்டையும் இல்லை, வட்ட விளக்கும் இல்லை. நொன்னோ நெடுநேரம் பார்த்தார்.

"யார் இது?"

"இம்பாலா, நொன்னோ."

"இல்லை. அவளுடைய சொந்தத்தில் யாரோ" என்றார் மரியாதையாக.

அதையும் பிறகு நிறுத்திவிட்டார்கள் என்று கேள்வி. அந்தச் செய்தி நொன்னோவின் காதுக்குப் போகாமல் அக்கா பார்த்துக்கொண்டார்.

அப்போது கால்சாவில் பழைய வீடுகளைத் திருத்தத் தொடங்கியிருந்தார்கள். நொன்னோவின் வீட்டுக்கும் சாரம் கட்ட ஆட்கள் வரப்போகிறார்கள் என்றானது. அவருக்கு ஒரே மகள். நகரத்தின் புதுப்பக்கத்தில் மாடிவீட்டில் இருந்த ஆசிரியை. அக்கா அவரைச் சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்பார். குறைவாகப் பேசுகிற, எப்போதும் கைக்கடிகாரம் பார்க்கிற பெண். தகப்பனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக முடிவெடுத்து, காரைக் கத்தானியாவில் கலியாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். தன்னையும் கூடக் கூட்டிப்போவாரா என்று அக்காவுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. வேலை போனால் பெர்மெஸ்ஸோவும் போய்விடும் என்று எனக்குத்தான் பயம்.

வைகாசி மாதத்தில் ஒரு காலை, முதுகு தட்டையான ஒரு லொறி வந்தது. சில்லுகளுக்குக் காற்றடித்து, கொட்டகையிலிருந்து காரை முற்றத்துக்குத் தள்ளினார்கள். வெயிலைக் கண்டதும் நொன்னோ கதவைத் திறந்து ஏறி, வளையத்தைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். மகள் கெஞ்சினார். பிறகு அதட்டினார். லொறிச் சாரதி சுவரில் சாய்ந்து புகைத்துக்கொண்டிருந்தான். நொன்னோவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மொண்டெல்லோவுக்குப் போகிறேன் என்றார். கடல் பார்க்க.

அக்கா முன்னே வந்தார்.

"சிஞ்ஞோரா, அவர் காரிலேயே மொண்டெல்லோ வரைக்கும் வரட்டும். லொறி அந்தப் பக்கத்தால் போகட்டும். அங்கே இறங்குவார். நான் பக்கத்தில் இருக்கிறேன்."

"லொறியின் முதுகிலா? பைத்தியமா உனக்கு?"

"மெல்லப் போகலாம்" என்றான் சாரதி, யாரும் கேட்காமலே.

"ஏதாவது நடந்தால் நாளைக்கு நீ என்னிடம் வரவேண்டாம்."

"சரி, சிஞ்ஞோரா" என்றார் அக்கா. மறுபக்கக் கதவைத் திறந்து ஏறினார்.

அந்த நேரம் நான் மொண்டெல்லோவில், வேலைசெய்த உணவகத்தின் வாசலில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தேன். கோடைச் சனம் இன்னும் வந்து விழவில்லை. கடற்கரை அகலமாகக் கிடந்தது. ஒரு சலசலப்புக் கேட்டுத் தலை நிமிர்ந்தால், மரங்களுக்கு மேலாக வெளிர் நீலக் கார் ஒன்று மிதந்து வருகிறது. ஒரு கணம் எனக்கு லொறி தெரியவேயில்லை. கார் மட்டும்தான். கோயில் சப்பறம் வருவதுபோல் மெல்ல ஆடி ஆடி வந்தது. நொன்னோ தொப்பியோடு வளையத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எங்கள் வீட்டு அக்கா, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டு, கையை யன்னலால் நீட்டியபடி. வீட்டு மாடங்களில் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். சினிமாப் படம் எடுக்கிறார்கள் என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். பின்னால் சின்னக் கார் ஒன்றில் சிஞ்ஞோரா, ஹோர்ன் அடிப்பதை விட்டுவிட்டு, வாய் திறந்தபடி வந்துகொண்டிருந்தார்.

கடலுக்கு நேரே லொறி நின்றது. நொன்னோ தண்ணீரைப் பார்த்தார். பிறகு யாரும் சொல்லாமலே வளையத்தை விட்டுவிட்டு, சாரதியின் தோளைப் பிடித்து இறங்கினார். எங்கள் கடையில் இருந்து கிரனீத்தா என்ற எலுமிச்சம்பழ ஐஸைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார். லொறி திரும்பிக் கத்தானியா வழியில் போனது. அதைப் பார்த்து, "நல்ல கார். யாருடையது?" என்றார்.

"ஒரு பெரிய மனிதருடையது" என்றார் அக்கா.

மகளும் தகப்பனும் மேசையில் இருக்க, அக்கா என்னோடு மணலில் கொஞ்சத் தூரம் நடந்தார். சேலைத் தலைப்பை இறுகப் பிடித்திருந்தார்.

"பயந்திட்டியளோ அக்கா?"

"லொறியெண்டால் எனக்கு ஒத்துக்கொள்ளாது பிள்ளை." காலில் ஒட்டிய மணலைத் தட்டினார். "இஞ்சை வாற அந்தக் காட்டுப் பாதையாலை வரேக்கை நொன்னோ கேட்டார், உன்ரை மனுசன் எங்கை எண்டு. இவ்வளவு காலத்திலை கேட்டதில்லை. நான் சொன்னன்."

"என்ன சொன்னனீங்கள்?"

"என்ரை மனுசன் வெங்காய லொறியிலை கொழும்புக்குப் போனவர். வவுனியா தாண்டினதைக் கண்ட ஆக்கள் இருக்கினம். அங்காலை ஒருத்தரும் காணேல்லை. லொறியையும் காணேல்லை. நான் கேக்காத ஆள் இல்லை. ஆமிக் காம்பிலை கேட்டன், இயக்கப் பெடியளிட்டைக் கேட்டன், கடைக்காரரைக் கேட்டன். எல்லாரும் வவுனியாவோடை நிப்பாட்டிப் போடுவினம்."

கடல் மிக அமைதியாக இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தமிழிலைதான் சொன்னன். எனக்கு அவங்கடை பாசையிலை அது வராது. அவர் காரோட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார், பாதை நீளம், வந்துகொண்டிருப்பார் எண்டு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே திரும்பி நடந்தோம்.

சிஞ்ஞோரா அக்காவை வேலையால் நிற்பாட்டவில்லை. அடுத்த நாள் காலை புதுவீட்டின் திறப்பைக் கையில் கொடுத்தாராம், வேறு பேச்சில்லாமல். நொன்னோ அங்கே இன்னும் ஒரு மாரியைக் கண்டார். காரைத் தேடவில்லை. மாடத்தில் கதிரை போட்டு அக்காவோடு இருப்பார். ஐம்பத்தெட்டு மட்டும் கடைசிவரை இருந்தது. பிறகு அதுவும் போய், அந்த மானின் பெயர் மட்டும் மிஞ்சியது. ஒரு பிற்பகல் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, சிஞ்ஞோரா எங்கள் வீட்டுக்கு வந்தார். நாலு மாடி ஏறி மூச்சு வாங்க வந்தவரைக் கட்டிலில்தான் இருத்தினோம், நல்ல கதிரை எங்களிடம் இல்லை. தேநீரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கடிகாரம் பார்க்கவில்லை.

"என் தகப்பனைப் பற்றி எனக்குச் சொல்" என்றார் அக்காவிடம். "உன்னிடம்தான் பேசினார். நான் பிறந்தபோது அவர் அமெரிக்காவில். துறைமுகத்தில்தான் முதன்முதல் கண்டேன், ஐந்து வயதில். முதலில் கார் இறங்கியது, பிறகு அவர் இறங்கினார். அந்தக் காரின் ஒவ்வொரு வருடமும் அவருக்குத் தெரியும். நான் பிறந்த வருடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை."

அக்கா அவர் பக்கத்தில் இருந்தார். தலையைச் சாய்த்தார். அன்று கேட்கவில்லை, சொன்னார். ஐம்பத்தெட்டில் தொடங்கி, அந்த உடைந்த இத்தாலியனில், கைகளால் செட்டையும் விளக்கும் காட்டி, பனிவிழும் தொழிற்சாலையையும் முழங்காலில் நின்ற மனிதரையும் சொன்னார்.

"அறுபதிலே ஒருநாள் செய்தி வந்தது, பலெர்மோவில் மகள் பிறந்திருக்கிறாள் என்று. நொன்னோ அப்போது ஒரு காருக்குள் நின்றார். விரிப்புப் பதிக்க முதல், சோக்கட்டியால் தரையில் உங்கள் பெயரை எழுதினார். பெரிதாக. அதன்மேல் விரிப்பைப் பதித்தார். கார் போய்விட்டது. யாருடைய கார் என்று தெரியாது. அமெரிக்காவில் எங்கேயோ அது ஓடியிருக்கும், உங்கள் பெயரோடு."

சிஞ்ஞோரா தேநீரைக் கீழே வைத்தார். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுதார். பிறகு எழும்பி அக்காவின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, எங்களுக்கும் தலையசைத்துவிட்டுப் போனார். படியில் அவர் இறங்குவது கடைசிவரை கேட்டது.

அக்கா கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். நான் பின்னால் போனேன். இத்தனை வருடம் இம்பாலாவின் கதையை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். இது அதில் இருந்ததில்லை.

"நொன்னோ அப்பிடிச் சொன்னவரோ அக்கா?"

அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

"சொல்லியிருப்பார் பிள்ளை" என்றார். "நேரம் காணாமல் போச்சுது."